தனித்தோளில் நிற்காத சுமை

இளையவள் வென்றவை இவை: அண்ணனுக்கு ஆறடி மண். பறிபோக இருந்த தன் வேலை. இரும்பு மனசுக்காரர் என்று துறைமுகமே சொன்ன தாய்மாமாவின் வலது தோள். எதிரே தொழிலாளர் சங்கம் முழுவதும் நின்றது. அவள் பக்கம் ஒருவரும் இல்லை, கூடப்பிறந்த மூத்தவள் உட்பட.

வேலைநிறுத்தத்தின்போது அண்ணன் யாருக்கும் சொல்லாமல் சரக்கு இறக்கப் போனான். சங்கிலி அறுந்து மூட்டைகள் அவன்மேல் சரிந்தன. சங்கத் தலைவரான மாமா கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார்: துரோகியின் உடலைத் தொடுகிறவர்களுக்கு வேலை அட்டை கிடையாது, ஆஸ்பத்திரிக்காரர்களே எங்காவது புதைக்கட்டும்.

மூத்தவள் கெஞ்சினாள். "போனவன் போயிட்டான்டி. நாம பிழைக்க வேணாமா?"

"பிழைக்கலாம்க்கா. அவனை அனாதையா விட்டுட்டு என்னன்னு பிழைக்கிறது?" என்றாள் இளையவள். படிக்கத் தெரியாவிட்டாலும், சீட்டைப் பார்த்துச் சரக்குப் பெட்டிகளில் ஊர்ப்பெயரை அப்படியே எழுதுவது அவள் வேலை. விரலில் மை காயவில்லை.

மறுநாள் அவள் உடலைக் கேட்டுப் போனபோது, ஆஸ்பத்திரி ஊழியர்கள் சவப்பெட்டியை வாசல்படியில் வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். மாமா ஆட்களோடு வழிமறித்து நின்றார். மூத்தவள் மதில் மறைவில் நின்றாள். "சுண்டெலி மலையைத் தூக்கப் போகுது" என்று ஒருவன் சிரித்தான். சுண்டெலி குனிந்து பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் ஏற்றி, உரக்கச் சொன்னாள்.

"தோள் கொடுத்தாச்சு!"

துறைமுகத்தில் அந்தக் குரல் கேட்டால், பக்கத்தில் நிற்பவன் பகையாளியானாலும் குனிந்தாக வேண்டும். சுமை தனித்தோளில் நின்றால் முதுகு முறிந்துவிடும். யோசிப்பதற்குள் இரண்டு பேர் குனிந்துவிட்டார்கள், சிரித்தவன் உட்பட. நாலாவது மூலை தாழ்ந்து ஆடியது.

"இறக்குடி" என்றார் மாமா.

"தோள் கொடுத்தவங்க முதல்ல இறக்கக்கூடாது. நீங்க போட்ட முறைதானே, மாமா?"

பெட்டி அந்தப் பக்கம் சரிவதை அவர் பார்த்தார். வாய்க்குள் திட்டிக்கொண்டே நாலாவது மூலைக்குள் நுழைந்தார். அதன்பிறகு வேலை அட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. கிழிப்பதானால் அவர் தன் அட்டையையும் அல்லவா கிழிக்க வேண்டும்!

மூத்தவள் மறைவை விட்டு வந்து, முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள்.

இடுகாட்டுக் குமாஸ்தா வழக்கம்போல் கைநாட்டு மையை நீட்டினார். சம்பளத்துக்கும் அதுவரை கைநாட்டே வைத்தவள், அதை ஒதுக்கிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். பெட்டிகளில் பார்த்துப் பார்த்து எழுதிய எழுத்துகளைக் கூட்டிப் பதிவேட்டில் தன் பெயரை எழுதினாள். அது இரண்டு கட்டம் தாண்டி ஓடியது.

"என்னம்மா, பெட்டிமேல எழுதற மாதிரி எழுதறே?"

"கை அப்படித்தான் பழகியிருக்கு, ஐயா."

உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்றும் தானே எழுதினாள். அன்று 1974 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை.