வாசலில் மஞ்சள் மூங்கில்

1933 ஆனி மாதம், மல்லசமுத்திரத்தை ஒட்டிய ஒரு தோட்டத்து வீட்டு வாசலில் பதினேழு மூங்கில் கழிகள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. பதினேழும் குப்பாயி வளர்த்தவை. அவளுக்கு முப்பத்தாறு வயது. கணவன் நாச்சிமுத்து இறந்து ஐந்து வருஷம், பிள்ளை இல்லை.

வெட்டச் சொன்னவர் கணவனின் அண்ணன் வெங்கடாசலம். எதிர்வீடுதான். குப்பாயி திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போன நாளாகப் பார்த்து ஆள்விட்டு வெட்டினார். 

அவளுடைய தம்பி கந்தப்பன் ஏற்காட்டில் ஒரு பங்களாத் தோட்டக்காரன். அவன்தான் நாலு வருஷத்துக்கு முன் அந்த மூங்கிலின் கிழங்கை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். மஞ்சள் கழி, அதில் தூரிகையால் இழுத்தாற்போலப் பச்சைக் கோடுகள். அழகுக்கு வைப்பது. சோளமும் கடலையும் விளைகிற பூமியில் சும்மா பார்ப்பதற்கென்றே ஒரு செடி! மாட்டுக்கு வைக்கிற கழுநீரில் ஒரு குடத்தை அதற்கு ஊற்றினாள். ஆடு கடிக்காமல் முள் அடைத்தாள். கோடில்லாமல் முழுப்பச்சையாக வரும் கழியை மட்டும் தயவில்லாமல் வெட்டி எறிவாள்; விட்டால் புதரே பச்சையாகிவிடும் என்று தம்பி சொல்லியிருந்தான்.

ஊருக்கு மூங்கில் என்றால் பாடைதான்.

"தாலியறுத்தவ வாசல்ல பாடை வளக்கறா. யாரைத் தூக்கறதுக்கு அம்மிணி?" என்று வெங்கடாசலம் ஒருநாள் கேட்டார்.

"யாராச்சும் ஒருத்தர் முன்னால போகத்தானே வேணுமுங்க மாமா. அன்னைக்கு நீங்க மூங்கிலுக்காகச் சேந்தமங்கலத்துக்கு வண்டி கட்ட வேண்டாமுங்க."

அவருடைய மருமகள் முழுகாமல் இருந்த சமயம் அது. அந்தப் பேச்சுதான் கத்தியாக வந்தது. ஆனால் கர்ப்பிணி இருக்கும் வீட்டார் வேரைக் கெல்லக் கூடாது என்பது ஊர் நம்பிக்கை. அதனால் கிழங்கைத் தோண்டாமல், அதன்மேல் இரண்டு வண்டி ஏரி வண்டலும் மாட்டுப்பட்டி எருவும் கொட்டி மூடிவிட்டார். கடலைச்செடியை அப்படி மூடினால் மூன்றே நாளில் அழுகிவிடும். மூங்கிலும் அழுகும் என்பது அவர் நினைப்பு.

பெரியவர்கள் நாலு பேர் கூடினார்கள். "போனது போகட்டும். இனிமேல் அங்கே ஒன்றும் நடாதே" என்றார்கள்.

குப்பாயி நின்றபடியே சொன்னாள்: "தீபாவளிக்குள்ள அதுவா முளைச்சா ஒருத்தரும் தொடக் கூடாதுங்க. முளைக்கலீன்னா நான் பொறந்த ஊட்டுக்கே போயிக்கறேன். இந்த ஊட்டை மாமாவே எடுத்துக்கட்டும்."

வெங்கடாசலம் உடனே சரி என்றார்.

அன்று மாலையிலிருந்து அந்த எரு மேட்டின் மீது குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். "மண்ணுக்கா அம்மிணி தாகம்?" என்று எதிர்வீட்டிலிருந்து சிரிப்பு வரும். அவள் அடுத்த குடத்தைக் கொண்டுவருவாள். ஆடி போயிற்று. மேடு மேடாகவே இருந்தது. முளைக்குமா என்று அவளுக்கும் சந்தேகம்தான்.

ஆவணியில் தம்பி வந்தான். மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பங்களாவுல வருசா வருசம் நாங்க செய்யறது இதுதான் அக்கா. மழைக்கு முன்னால முத்தின கழியெல்லாம் கழிச்சுட்டு, எருவும் வண்டலும் ஏத்துவோம். உங்க மாமா கூலி வாங்காம செஞ்சிருக்காரு!"

"மெதுவாப் பேசுடா. அவரு காதுல உழுந்தா அள்ளிட்டுப் போயிருவாரு."

புரட்டாசி இரண்டாவது மழைக்குப் பிறகு ஒரு காலையில் எரு வெடித்துக் கிடந்தது. முழங்கைப் பருமனில் கூர்கூராக முளைகள். குப்பாயி பெரியவர்களை அழைத்துவந்து நிறுத்திவிட்டு, எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மாமா, நீங்களே வந்து எண்ணுங்க!"

அவர் எண்ணினார். பத்தொன்பது.

"முன்னைக்கு ரெண்டு கூட இருக்குதே. என்ன போட்டே?" என்றார்.

"நானெங்கீங்க போட்டேன்? எல்லாம் நீங்க போட்டதுதானுங்க."

பெரியவர்களில் ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். வெங்கடாசலம் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். அதற்குப் பின் அவர் பாடை என்ற சொல்லை எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆடியில் குப்பாயி தன் புதரிலிருந்து ஒரு கிழங்கை வெட்டியெடுத்து, வாசலின் மறுபக்கத்திலும் நட்டாள்.