பாண்டியம்மாள் பேரில் ஒரு பெட்டி

டிஷ் மாட்டும் தொழிலில் மொட்டை மாடி ஏறுவது பெரிய காரியமில்லை. கீழே இறங்கி வந்து நிபந்தனையைச் சொல்லும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கேயாவது கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் முழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் முழித்தீர்கள், நான் இந்தப் பக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கில் டிஷ் பரவிக்கொண்டிருந்த காலம் அது. நான் சின்னமனூர்க் கடை ஒன்றில் இருந்தேன். டிஷ்ஷோடு டிவி பக்கத்தில் வைக்கும் பெட்டி இரண்டு வகை. விலைக்கு வாங்கினால் சொந்தப் பெட்டி. இல்லையென்றால் வாடகைப் பெட்டி, அது கடைசிவரை கம்பெனியுடையது. எந்தப் பெட்டியானாலும், இன்ன காலம்வரை விலக மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் படம் வரும்.

சொந்தம்

உத்தமபாளையத்தில் தேங்காய் வியாபாரம் செய்யும் ராவுத்தர் ஒருவர் சொந்தப் பெட்டியே வாங்கினார். யாருக்கும் கட்டுப்பட்டு அவருக்குப் பழக்கமில்லை. படம் வந்ததும் டீ கொடுத்தார். குடித்து முடித்த பிறகுதான், ஒரு வருடத்துக்கு இதே பேக்கேஜை விடக்கூடாது என்று சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் டீ கிடைத்திருக்காது. அவர் கோபப்படவில்லை. பெட்டியைத் தட்டிக் காட்டிச் சொன்னார்:

"மாட்டை எனக்கு வித்துப்புட்டு மூக்கணாங்கயித்தை நீங்களே பிடிச்சிருந்தா எப்பிடித் தம்பி?"

வாடகை

காமயகவுண்டன்பட்டி முருகேசன் ஜீப் டிரைவர். ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே மலை ஏறினால், பொழுது சாயத்தான் இறங்குவார். அவர் மனைவி பாண்டியம்மாள் திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டிக்கொண்டிருந்தவர். வயிற்றில் கட்டி வந்து, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பகல் முழுக்க அவர் தனியாகக் கிடந்தார். பேச்சுக்குரல் ஒன்று வீட்டில் கேட்கட்டும் என்றுதான் முருகேசன் டிஷ் கேட்டார்.

வைத்தியத்துக்குப் போனது போக, வாடகைப் பெட்டிதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். அதற்கு இரண்டு வருட நிபந்தனை. அதைச் சொன்னதும் அவர் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், உள்ளே கேட்காத குரலில் சொன்னார்:

"ரெண்டு வருசமா தம்பி? டாக்டரு அம்புட்டுக்குச் சொல்லலையே."

சம்மதம்

உங்கள் பேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். அவர் கேட்கவில்லை. வீடு, ஜீப், கரண்டு எதுவுமே அவள் பேரில் இல்லை, இதாவது இருக்கட்டும் என்றார். எங்கள் விதிப்படி, யார் பேரோ அவரே, கையெழுத்தோடு, போனிலும் சம்மதம் சொல்ல வேண்டும். என் செல்லைப் பாண்டியம்மாளின் காதில் வைத்துப் பிடித்தேன். "ஆமா, நாந்தேன் பாண்டியம்மா, சம்மதம்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். படம் வந்தது.

அப்புறம், எதற்கு ரெண்டு வருசம் என்று விசாரித்தார். நடுவில் யாரும் விலகக் கூடாது என்பதுதான் பேச்சு என்றேன். அவர் முருகேசனைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அப்ப ரெண்டு வருசம் நான் இருந்தே ஆகணும்ல? நல்லாக் கேட்டுக்கங்க, கம்பெனியே சொல்லிருச்சு."

மழை

ஆனி மாதச் சாரலில் படம் போய்விட்டதென்று முருகேசன் கூப்பிட்டார். மேகம் விலகினால் தானாக வரும் என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் போனேன். பாண்டியம்மாள் பாதியாகியிருந்தார். இருட்டிக் கிடந்த டிவியைப் பார்த்தபடியே, கெடு எவ்வளவு மீதி இருக்கிறதென்று கேட்டார். பாதிகூட ஆகவில்லை என்றேன். மற்ற வீடுகளில் இந்தப் பதிலைச் சொன்னால் வசவு விழும்.

"பெறகென்ன, நெறையக் கெடக்கு. மழை நிக்கட்டும், பாத்துக்கிருவோம்."

மூடிய டிவி

தீபாவளி வரை அவர் இருக்கவில்லை. எங்கள் பக்கம் இழவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை டிவி போட மாட்டார்கள். முருகேசனும் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். ஆனால் வாடகைப் பெட்டி பல வாரம் உயிரில்லாமல் கிடந்தால், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் விற்றுவிட்டார்கள் என்றுதான் கம்பெனிக்குச் சந்தேகம் வரும். போய்ப் பார் என்று என்னை அனுப்பினார்கள். துக்கம் கேட்கப் போக வேண்டியவன் சோதனை போடப் போனேன்.

டிவி மேல் பாண்டியம்மாளின் சேலை மூடியிருந்தது. முருகேசன் அதை விலக்கிக் காட்டினார். பெட்டி பத்திரமாக இருந்தது, ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டோடு. நான் அங்கேயே நின்று ஆபீசுக்குப் போன் போட்டு, பேருக்குரியவர் இறந்துவிட்டார், நிறுத்திவிடுங்கள் என்றேன். சம்மதம் சொன்னவரே லைனில் வந்து நிறுத்தச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கெடு முடியும்வரை வாடகை ஓடும் என்றார்கள். நான் கத்தினேன். அவர்கள் அதையே திரும்பச் சொன்னார்கள். முருகேசனிடம் சொல்லாமல் தீராது, சொன்னேன். அவர் சேலையை இழுத்து மறுபடி டிவியை மூடினார்.

"அவ வந்து பேசுறவளா இருந்தா, எதுக்குத் தம்பி நிப்பாட்டச் சொல்லப் போறோம்?"

பள்ளத்தாக்கு முழுக்க வீடு வீடாகப் போய், நடுவில் விலக மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிய எங்களுக்கு, நடுவில் வர மாட்டேன் என்று எமனிடம் ஒன்று வாங்கி வைக்க மட்டும் தோன்றாமல் போயிற்று.