கூட்டத்தன்று வந்த குழாய்த் தண்ணீர்

பம்பாய் செம்பூரில் எங்கள் காலனிக்குப் பின்னால் களாச் செடிகள் மண்டிய ஒரு திறந்தவெளி இருந்தது. அங்கே யாரோ பாம்பைப் பார்த்துவிட்டார்கள். அந்த இடத்தை என்ன செய்யலாம் என்று எங்களிடமே கேட்க, முனிசிபாலிடிக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் போட்டார்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. பெண்கள் யாரும் போகவில்லை. நானும் கணவரை அனுப்பிவிட்டு, குடம் குடமாகப் பிடித்து டிரம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"புதரை மொத்தமா வெட்டச் சொல்லியாச்சு" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார்.

"வெட்டினா பாம்பு எங்கே போகும்? நம்மது கீழ் வீடாச்சே, அதை அங்கே கேட்டேளா?"

"எல்லாரும் கை தூக்கினா. நானும் தூக்கினேன்."

வெட்டி முடித்த மறுவாரம், சமையலறையில் தவழ்ந்துகொண்டிருந்த என் குழந்தை மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்துச் சிரித்தது. டின்னுக்குப் பின்னால் பாம்பு. குழந்தையை வாரிக்கொண்டு வெளியே ஓடினேன். மாடிக்காரர்கள் தடியோடு வந்து அதை அடித்துக் கொன்றார்கள். அது விஷமில்லாத சாரை என்று பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் களாக்காய் பறித்து ஊறுகாய் போட்ட இடத்தில் இப்போது புழுதிதான் பறக்கிறது. நாங்கள் நடக்கும் பாதை ஓரத்துப் புதரை மட்டும் வெட்டினால் போதும் என்று எனக்கு அன்றே தோன்றியது. அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் குழாயடியில் குடத்தோடு நின்றேனே என்று இன்றும் மனசு ஆறவில்லை.

இப்போதெல்லாம் காலனியில் கூட்டம் என்றால் நான்தான் போகிறேன். தண்ணீரை அவர் பிடிக்கிறார்.