மூக்கறுக்காத கப்ளர்

வண்டிக்குள் ஓடும் வயர்களை ஒன்றோடொன்று சேர்க்கும் பிளாஸ்டிக் துண்டுக்கு பெங்களூர் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் கப்ளர். கடையில் கிடைக்காத கப்ளர் வேண்டுமென்றால், "காக்ஸ் டவுன்ல பெட்டியைப் பாரு" என்பார்கள். பெட்டி என்பது ஆள்தான், ஒரு அம்மாள். அவர் வீட்டு முன்னறையில் பெட்டி பெட்டியாகக் கப்ளர் அடுக்கியிருப்பது வேறு விஷயம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயருக்கு அவர் என்ன செய்வார், பாவம்!

தொலைபேசித் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் வயர் முடித்த கை அவருடையது. தொண்ணூற்றைந்தில் விருப்ப ஓய்வு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யார் விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. சும்மா இருக்கத் தெரியாத பெட்டி, சிவாஜி நகரில் குஜிரி என்கிற பழைய சாமான் சந்தைக்குப் போய், பழைய வண்டிகளைப் பிரிப்பவர்கள் நடுவில் நின்றார். அவர்கள் செம்புக்காக வயரைக் கழுத்தோடு வெட்டிவிட்டு கப்ளரைக் குப்பையில் எறிவார்கள்.

"பாய், நாலு விரல் வால் வுட்டு வெட்டுங்க. வால் இல்லாட்டி நான் எதுல ஒட்டறது?"

ஆறு மாதம் சிரித்தார்கள். ஏழாவது மாதம் வால் விட்டு வெட்ட ஆரம்பித்தார்கள். அந்தப் பிடிவாதத்துக்கே ஒரு கும்பிடு போடலாம்.

கப்ளரில் ஒரு பக்கம் சின்னப் புடைப்பு இருக்கும். எதிர்ப் பாதியின் பள்ளத்தில் அது உட்கார்ந்தால்தான் பூட்டும். தலைகீழாகச் செருக விடாது. அதற்கு மூக்கு என்று பெயர். பொருந்தாததைப் பொருத்த வேண்டுமென்றால் அரத்தை எடுத்து மூக்கைச் சீவிவிடுவது ஊர் வழக்கம். தொழிலுக்கு வந்த புதிதில் பெட்டியும் ஒரு டாக்சிக்கு அப்படிச் சீவிக் கொடுத்தார். அடுத்த மாதம் யாரோ அதைக் கழற்றித் தலைகீழாகச் செருக, ஓடுகிற வண்டிக்குள் புகை. உள்ளே இருந்த குடும்பம் கதவைத் திறந்துகொண்டு குதித்துத் தப்பியது. கருகிய அந்தக் கப்ளரைக் கேட்டு வாங்கி, முன்னறை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார் பெட்டி. அதற்குப் பிறகு எந்த மூக்கிலும் அரம் வைத்ததில்லை.

தொண்ணூற்றொன்பதில் ஒரு வியாழக்கிழமை, ஊருக்கு வெளியே சந்தாபுராவில் இருக்கும் முனியப்பனின் வேன் காக்ஸ் டவுனில் நின்றுபோனது. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய வேன். அதற்கு இந்த நாட்டில் டீலரே கிடையாது. பக்கத்துத் தெரு மெக்கானிக் அலெக்சாண்டர் கழற்றிப் பார்க்க, சூட்டில் முறுகிப்போயிருந்த கப்ளர் அப்பளமாக நொறுங்கிவிட்டது. அதன் மறுபாதி இக்னிஷன் பாக்ஸோடு சேர்த்து வார்த்தது. அதனால் வயரை முறுக்கிச் சமாளிக்கவும் வழியில்லை.

முனியப்பனின் மனைவி கோமளத்துக்குத் திங்கள் விடிகாலை ஆறு மணிக்கு டயாலிசிஸ். தவறினால் புதன்வரை மெஷின் கிடைக்காது. போன வருஷம் பஸ்ஸில் கூட்டிப்போய், திரும்பி வரும்போது மார்க்கெட்டில் மயங்கி விழுந்தவள். வேன் ஓடியே ஆக வேண்டும்.

பெட்டி வெள்ளியன்று ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் முழுக்க ஏறி இறங்கினார். சனிக்கிழமை குஜிரி. சாம்பல் நிறத்தில் ஒன்று அகப்பட்டது. உள்ளே இருக்கும் நாலு கம்பிப் பின்னும் அச்சாகச் சேர்ந்தன. மூக்கு மட்டும் வேறு பக்கம்.

ஞாயிறு முதல் பூசை முடிந்து பெட்டி வீடு திரும்பியபோது, அலெக்சாண்டரும் முனியப்பனும் வாசலில் காத்திருந்தார்கள். அலெக்சாண்டர் கையில் அரம்.

"ரெண்டு இழுப்பு இழுத்தா வேலை முடிஞ்சிது. ஒரு கப்ளருக்கு இத்தினி சாஸ்திரமா பெட்டி?"

முனியப்பன் கும்பிட்டே விட்டார். "அக்கா, தலைகீழா யாரும் சொருகாம நான் பாத்துக்கறேன். என் வீட்டுக்காரிக்காகவாவது..."

பெட்டி ஒரு கணம் அரத்துக்குக் கை நீட்டப் பார்த்தார். பார்வை மாதா பக்கம் போனது. கருகிய துண்டு அங்கேயே இருந்தது.

"அவங்கதானே அந்த வண்டில படுத்துகினு போப்போறாங்க? அதான் மாட்டேன்றேன்."

அலெக்சாண்டர் தலையில் அடித்துக்கொண்டார். பெட்டி நொறுங்கிய சில்லுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியில் பரப்பினார். பூதக்கண்ணாடியில், பூட்டும் நாக்குக்கு அடியில் கடுகளவு மூன்று எழுத்துகள் தெரிந்தன. வேன் கம்பெனியின் பெயர் இல்லை அது. கப்ளர் செய்தவன் பெயர். மூன்று நாளாக எல்லோரும் வேனுடைய கப்ளரைத்தான் தேடினார்கள், தானும் சேர்த்து. செய்தவன் வேனுக்கு மட்டுமா செய்திருப்பான்?

அந்த எழுத்தை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று யோசித்தபடி வாசலுக்கு வந்தார். அங்கே அலெக்சாண்டரின் பைக் நின்றது. ஜப்பான்காரனோடு சேர்ந்து இங்கேயே செய்கிற பைக். தெருவுக்குப் பத்து நிற்கும்.

"அண்ணா, சீட்டைக் கழட்டுங்க."

"என் வண்டிக்கு என்னா கேடு?"

"கழட்டுங்கன்றேன்!"

சீட்டுக்கு அடியில், இக்னிஷன் பாக்ஸின் வாயில், அதே நாலு பின், அதே மூன்று எழுத்து. மூக்கு இருக்க வேண்டிய பக்கத்தில் இருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு ஊரெல்லாம் அலைந்திருக்கிறார்கள்!

அலெக்சாண்டர் கட்டிங் பிளேயரை எடுத்து, தன் பைக்கிலிருந்து நாலு விரல் வால் விட்டு, தானே வெட்டிக் கொடுத்தார்.

"கப்ளர் மூக்கை வுட்டுட்டு என் மூக்கை அறுத்துட்டியே, பெட்டி!"

"நாளைக்கு எந்தக் கடைலயும் உங்களுக்கு வேற கிடைக்கும்ணா. அவங்களுக்கு நாளைக்குக் கிடைச்சா லேட்டு."

பெட்டி வால்களை ஒவ்வொன்றாக வேன் வயரோடு பற்றவைத்தார். கப்ளர் டிக் என்று பூட்டியது. முனியப்பன் சாவியைத் திருப்ப, வேன் ஒருமுறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பெட்டி சும்மா நின்று அழுதார். முனியப்பனும் அழுதார்.

திங்கள் மதியம் வேன் பெட்டியின் வாசலில் நின்றது. பின்சீட்டில் கையில் பிளாஸ்திரியோடு கோமளம் படுத்திருந்தாள். சன்னல் வழியே கை நீட்டி, பெட்டியின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"போற வழியெல்லாம் தூங்கிட்டேங்கா," என்றாள். "எப்பவும் பயந்துகினே போவேன்."