நைனாவுக்கு வந்த நோயின் பெயர்

எங்கள் நைனா, அதாவது அப்பா, நாராயணவனம் பக்கத்தில் சொந்த நிலம் இல்லாத குடும்பத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சித்தூரில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஷெட்டில் சேர்ந்தார். பிறகு தம்பியையும், அதாவது எங்கள் சித்தப்பாவையும், அங்கேயே சேர்த்துவிட்டார். தெலுங்கிலானாலும் தமிழிலானாலும் லாரியில் நைனா எழுதிய எழுத்து கோணியதில்லை. அந்த உழைப்பில்தான் நான் டிப்ளமோ முடித்து, ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் தரப் பரிசோதனை வேலைக்குப் போனேன்.

இதுபோன்ற நினைவு மலர்களில் ‘சிலகாலம் உடல்நலம் குன்றியிருந்து’ என்று எழுதுவது வழக்கம். நைனாவுக்கு வந்தது சிறுநீர்ப்பைப் புற்றுநோய். அப்படியே எழுதச் சொன்னவர் அவர்தான்.

சிறுநீர் சிவந்து போனதை ஒரு வருடம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லை. இரண்டு நாளில் தானாக நின்றுவிடும். உடல் சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டார். மகளான என்னிடம் சொல்லக் கூச்சம். தினமும் வேலையில் பட்டியல் வைத்துக் குறை தேடும் நானும் கவனிக்கவில்லை.

திருப்பதியில் சிறுநீர்ப் பாதை வழியாகக் கேமரா செலுத்திப் பார்த்தார்கள். வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியில் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். பீடியும் பெயின்ட் ரசாயனமும் காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். பிறகு கட்டி மறுபடி வராமலிருக்க, வாரம் ஒரு முறை, பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசியாகப் போடும் பிசிஜி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார்கள். அதை இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு, கால் மணிக்கு ஒரு முறை புரண்டு படுக்க வேண்டும். அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

“திரும்புங்க.”

“நான் இன்னா தோசையா?”

“தோசைன்னா எப்பவோ எறக்கியிருப்பேன். திரும்புங்க.”

ஆனாலும் கட்டி மறுபடி வந்தது. இம்முறை தசைக்குள் இறங்கியிருந்தது. சிறுநீர்ப்பையை எடுத்து, வயிற்றின் வெளியே சிறுநீர் சேரும் பை பொருத்தினார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்து சில மாதங்கள் நோயைப் பிடித்து வைத்தது. மருத்துவம் வெகுதூரம் வந்திருக்கிறது. நாங்கள்தான் தாமதமாகப் போனோம்.

அந்த நாட்களில் ஒருமுறை, பார்க்க வந்த சித்தப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அண்ணா, எனக்கும் நேத்து செவப்பா போச்சு. சூடுதான். மோர் குடிச்சா சரியாப்பூடும்.”

நைனா எழுந்து உட்கார்ந்தார். “நானும் அப்படியே சொல்லிக்கினு ஒரு வருசம் ஓட்டினேன்டா.”

“ஒரு வண்டி பாக்கி இருக்குது. முடிச்சிட்டு...”

“வண்டி நிக்கும். நீ போ. பாப்பா, இவனைக் கையோட இட்டுக்கினு போ.”

சித்தப்பாவுக்கும் அதே நோய்தான். ஆனால் மிகச் சிறியது, சிறுநீர்ப்பையின் உட்படலத்தோடு நின்றிருந்தது. சுரண்டி எடுத்ததோடு முடிந்தது. அறிக்கையை நான் படித்துச் சொன்னபோது நைனா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். சில வாரங்களுக்குப் பின், வீட்டிலேயே அமைதியாக எங்களை விட்டுப் பிரிந்தார்.

சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும், பை மாற்றக் கற்றுத்தந்த செவிலியருக்கும், ரத்தம் கொடுத்த ஷெட் நண்பர்களுக்கும், முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பா இப்போதும் வேலைக்குப் போகிறார். தவறாமல் கேமராப் பரிசோதனைக்கும் போகிறார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது சிறுநீர் ஒரே ஒரு முறை சிவந்திருந்தாலும், என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு அவரே கூட வருவார்.