தச்சநல்லூரில் நிமிர்ந்த பிரெஞ்சு உத்திரம்

கண்ணால் பார்க்காத வீட்டைக் கணினியில் கட்டுவது எங்கள் தொழில். இடுப்பு ஒடிய உட்கார்ந்து படம் போடும் சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். பிரான்சில் ஐந்நூறு வருஷத்துப் பண்ணை மாளிகை ஒன்றை லேசர் கருவியால் அளந்து அனுப்பியிருந்தார்கள். அதைத் தச்சநல்லூர் மாடி அலுவலகத்தில் நானும் என் உதவியாள் இசக்கிமுத்துவும் வரைபடமாக்க வேண்டும். கூடத்தின் நடு உத்திரத்துக்கு அங்கே முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். மரம் தொய்ந்திருக்கிறதா, முட்டுகளை எடுக்கலாமா என்பதை எங்கள் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். தப்பினால் கீழே நிற்பவன் தலை போகும்.

புகை

கூரை மரமெல்லாம் கரி. அழுக்கு என்று நினைத்து இசக்கி அதைப் படத்தில் காட்டாமல் விட்டுவிட்டான். அங்கே வேலைக்குப் பொறுப்பான மார்ட்டின் காணொளியில் வந்தார். ஆதியில் அந்தக் கூடத்துக்கு மேல்தளமே கிடையாதாம். நடுத்தரையில் தீ மூட்டுவார்களாம், புகை கூரை வழியாகப் போகுமாம். சுவரோரக் கணப்பும் உத்திரமும் மேல்தளமும் பிறகு வந்தவை, அதற்குக் கரிதான் சாட்சி என்றார். குரலை உயர்த்தாமலே கேட்டார்: “சாட்சியையே அழித்துவிட்டால் நான் யாரிடம் போய் விசாரிப்பது?”

கோபுரம்

அடுத்தது, சுழல்படி ஏறும் கல்கோபுரம். சமையலறைக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி நீட்ட ஒரு துவாரம்; பாதி வீடு, பாதி கோட்டை. எந்த மூலையும் மட்டத்துக்கு வரவில்லை. நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இசக்கி உச்சுக் கொட்டினான்: “இதக் கட்டுன கொத்தனார நெனச்சா பாவமா இருக்கு அண்ணாச்சி!”

உத்திரம்

படம் போனது. மறுநாள் மத்தியானம் மார்ட்டினிடமிருந்து செய்தி: உத்திரம் நேராக இருக்கிறது, மகிழ்ச்சி, முட்டுகளை எடுக்கச் சொல்லிவிட்டேன். அத்தனை பழைய மரம் எப்படி நேராக இருக்கும்? லேசர் அளவைத் திறந்து பார்த்தேன். நடுவில் நாலு விரல்கடை தொய்வு! “ஏலே, என்னல செஞ்ச?” என்று கத்தினேன். அவன் முகம் வெளிறிவிட்டது. “கோணலா அனுப்புனா கட்டுனவனுக்குக் கெட்ட பேருல்லா அண்ணாச்சி? நம்மூரு வீட்டுக்கெல்லாம் நிமித்தித்தான அனுப்புதோம்!”

முட்டு

மார்ட்டினைக் கூப்பிட்டேன்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. அந்தத் தடித்த சுவருக்குள் அவர் எங்கே நிற்கிறாரோ? மறுபடியும் எண்ணை அழுத்தினேன். இசக்கியை அறைந்துவிடலாம் போல இருந்தது. அவனோ அதற்குள் அந்த மாளிகையின் சொந்தக்கார அம்மாவின் எண்ணைத் தேடிப் பிடித்து, “ஸ்டாப், ஸ்டாப்” என்று அலறிக்கொண்டிருந்தான். அந்த அம்மா ஓடியிருக்க வேண்டும். வெகுநேரம் கழித்து மார்ட்டினே கூப்பிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. “கடைசி முட்டில் ஒரு சுத்தியல் அடி விழுந்துவிட்டது, ஆனால் முட்டு நிற்கிறது. ஆட்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டேன். தயவுசெய்து இனிமேல் அழகாக வரையாதீர்கள்.”

அன்றிலிருந்து கோணலைக் கோணலாகவே வரைந்து அனுப்புகிறோம். உள்ளூர்க் கொத்தனார்கள்தான் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.