நகர்த்த இடமில்லாத எடை

செரண்டா ஊருக்குப் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் மட்டைகளைச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. பக்கவாதத்திலிருந்து எழுந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அடிக்கும் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து செம்பனைத் தோட்டத்துக்குள் போய்விடும். மட்டைத் தலையிலுள்ள ஸ்குருவைத் தளர்த்தி, சிறிய எடையைத் தண்டுப் பக்கம் நகர்த்தினால் வளைவு கொஞ்சம் குறையும். வாராவாரம் நகர்த்திக் கொடுத்தேன்.

அன்றும் வந்தார். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாரு லா."

எனக்கு அலுத்துவிட்டது. "சார், கடைசி வரைக்கும் தள்ளியாச்சு. உங்க இடது கையிலதான் பலம் இல்ல."

சொன்னதும் சங்கடமாக இருந்தது. அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார்.

"வீட்டுல எல்லாரும் நல்லாயிட்டேன்னுதான் சொல்றாங்க. நீதான் உண்மையச் சொன்ன."

வெளியே போய் அடித்தார். பந்து வலப்பக்கமே போனது. தேடுவதற்கு நானும் கூடப் போனேன். அவர் நடைக்கேற்ப இருவரும் மெதுவாகத்தான் நடந்தோம்.